சீட்டுக் கம்பெனியின் மெயின்டனன்ஸ் இன்ஜினியர்

எந்த கேம் கன்ட்ரோலரை வேணும்னாலும் கையில் எடுத்துப் பாருங்க. இடது கட்டைவிரல் போய் உட்காருகிற இடத்தில் கூட்டல் குறி மாதிரி ஒரு பட்டன் இருக்கும். கொஞ்சம் வடிவம் மாறியிருக்கலாம், ஆனா இருக்கும். சின்ன வயசில் டிவி கேம் டப்பாவில் மஞ்சள் கேசட்டைச் செருகி மரியோவும் கான்ட்ராவும் ஆடினோமே, அந்த ரிமோட்டிலும் அது இருந்தது. அந்தப் பட்டனை உருவாக்கியவர் பெயர் குன்பெய் யோகோய். மரியோவை உருவாக்கிய மியாமோட்டோவைத் தெரிந்த அளவுக்கு இவரை யாருக்கும் தெரியாது. நான் மியாமோட்டோ ரசிகன்தான், ஆனா இன்ஜினியரிங் படிக்கிறவனுக்கு யோகோய் கதைதான் நெருக்கமா இருக்கும் என்று தோன்றுகிறது.

1941 செப்டம்பர் 10-ம் தேதி ஜப்பானின் கியோட்டோ நகரத்தில் பிறந்தார். அதே ஊரில் டோஷிஷா பல்கலைக்கழகத்தில் எலக்ட்ரானிக்ஸ் படித்தார். மார்க் ஒன்றும் பிரமாதமா இல்லை. பெரிய எலக்ட்ரானிக்ஸ் கம்பெனிகள் எதுவும் எடுத்துக்கொள்ளவில்லை. கடைசியில் 1965-ல் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த ஒரு சீட்டுக்கட்டு கம்பெனியில் சேர்ந்தார். 1889-லிருந்து ஹனஃபுடா என்கிற பூப்படம் போட்ட ஜப்பானியச் சீட்டுகளை அச்சடித்துக்கொண்டிருந்த கம்பெனி. பெயர் நின்டெண்டோ. இவருக்குக் கொடுத்த வேலை, சீட்டு தயாரிக்கிற மெஷின்கள் நிற்காமல் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்வது. நம்ம பாஷையில் சொன்னால் கோர் கம்பெனி கிடைக்காமல் மெயின்டனன்ஸுக்குப் போன கேஸ்.

மெஷின் ஒழுங்கா ஓடினால் மெயின்டனன்ஸ் ஆளுக்கு வேலை இல்லை. சும்மா இருந்த நேரத்தில், கம்பெனி லேத்திலேயே ஒரு பொம்மை செய்தார். பழைய லிஃப்ட்களில் மடங்கி விரியும் கம்பிக் கதவு பார்த்திருப்பீங்க. அதே மெக்கானிசம்தான். குறுக்கும் நெடுக்குமா பட்டைகள், ஒரு முனையில் பிடி, இன்னொரு முனையில் ஒரு கொக்கி. பிடியை அழுத்தினால் கை நீண்டு போய் எதிரில் இருக்கிற பொருளைப் பிடிக்கும். அதை வைத்து விளையாடிக்கொண்டிருந்தபோது முதலாளி ஹிரோஷி யமவுச்சி பார்த்துவிட்டார். கூப்பிட்டு அனுப்பியதும் திட்டு விழப்போகிறது என்றுதான் யோகோய் நினைத்தார். யமவுச்சியோ அதை விற்கிற பொருளா மாற்றச் சொன்னார். 1966-ல் அல்ட்ரா ஹேண்ட் என்ற பெயரில் கடைக்கு வந்து 10 லட்சத்துக்கு மேல் விற்றது. யோகோய் அதோடு மெயின்டனன்ஸை விட்டுவிட்டு பொம்மை டிசைனுக்கு மாறினார்.

அடுத்த சில வருஷங்களில் அவர் செய்த பொம்மைகளைப் பார்த்தால் ஒரு பேட்டர்ன் தெரியும். 1969-ல் லவ் டெஸ்டர். ஆணும் பெண்ணும் ஆளுக்கு ஒரு சென்சாரைப் பிடித்துக்கொண்டு, மற்றக் கையால் ஒருத்தரை ஒருத்தர் பிடித்துக்கொள்ள வேண்டும். உடம்பு வழியா ஓடுகிற துளி கரன்ட்டை ஒரு மீட்டர் காட்டும். அதுதான் காதலின் அளவாம். உள்ளே இருக்கிறது முதல் வருஷ லேபில் நாம் பார்க்கிற சமாச்சாரம்தான். பெண்கள் கையைப் பிடிக்க ஒரு சாக்கு வேணும் என்பதற்காகவே இதைச் செய்ததாகப் பின்னாளில் அவரே ஒத்துக்கொண்டார்.

எனக்கு இதைவிடப் பிடித்தது லெஃப்டி ஆர்எக்ஸ் என்ற ரிமோட் கார். அந்தக் காலத்தில் ரேடியோ கன்ட்ரோல் கார் என்றால் ஏகப்பட்ட விலை. இடது, வலது, முன்னே, பின்னே என்று ஒவ்வொன்றுக்கும் சிக்னல் தனித்தனியா போகணும், சர்க்யூட் பெரிசாகும், விலை ஏறும். யோகோய் எல்லாவற்றையும் வெட்டி ஒரே ஒரு சிக்னலை மட்டும் வைத்துக்கொண்டார். கார் நேரா போகும், பட்டனை அழுத்தினால் இடது பக்கம் திரும்பும். வலது பக்கம் திரும்பவே திரும்பாது! கேட்கும்போது மொக்கையா இருக்கும். ஆனா வட்டமான ரேஸ் டிராக்கில் ஒரே பக்கம்தானே திரும்ப வேண்டியிருக்கு? விலை பல மடங்கு குறைந்தது, ரேஸ் விட்ட பிள்ளைகளுக்குக் குறை ஒன்றும் தெரியவில்லை.

இந்த யோசனைக்குத்தான் பின்னாளில் ஒரு பெயர் வைத்தார். ஜப்பானிய மொழியில் அதன் அர்த்தம் ஏறக்குறைய இப்படி வரும்: காய்ந்துபோன தொழில்நுட்பத்தைப் பக்கவாட்டில் யோசிப்பது. காய்ந்துபோன என்றால் குப்பை என்று அர்த்தமில்லை. எல்லோருக்கும் பழகிப்போன, விலை அடிமட்டத்துக்கு வந்த, எங்கே சொதப்பும் என்று முழுசா தெரிந்த பொருள். புதுசு தேடி ஓடாமல், அதை யாரும் வைக்காத இடத்தில் கொண்டுபோய் வைப்பது. 1970-ல் வந்த துப்பாக்கி பொம்மையும் அப்படித்தான். சோலார் செல்லை கரன்ட் எடுக்க வைக்காமல், துப்பாக்கி வெளிச்சம் குறியில் பட்டதா என்று கண்டுபிடிக்கிற சென்சாரா வைத்தார்கள். அந்த சோலார் செல்லை விற்க ஷார்ப் கம்பெனியிலிருந்து வந்த மசாயுகி உவெமுரா கொஞ்ச நாளில் நின்டெண்டோவுக்கே வந்து சேர்ந்து, பிறகு ஃபாமிகாமை உருவாக்கினார்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு நாள் யோகோய் புல்லட் ரயிலில் போய்க்கொண்டிருந்தார். எதிரில் ஒருத்தர் போரடித்துப்போய் கால்குலேட்டரில் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருந்தார். பெரியவர்களும் நேரம் போக்க, யாருக்கும் தெரியாமல் கைக்குள் வைத்து விளையாட ஒன்று இருந்தால் என்ன என்று தோன்றியது. அதோடு மறந்திருப்பார். ஆனா யமவுச்சியின் டிரைவர் ஒரு நாள் உடம்பு சரியில்லாமல் வரவில்லை. அவருடைய கார் இடது கை ஸ்டியரிங் கொண்ட வெளிநாட்டு கார், அதை ஓட்டத் தெரிந்த ஆள் யோகோய்தான். வழியில் பேச்சுவாக்கில் கால்குலேட்டர் சைஸ் கேம் பற்றிச் சொன்னார். முதலாளி ஒன்றும் பதில் சொல்லவில்லை. ஆனால் போன மீட்டிங்கில் அவருக்குப் பக்கத்து சீட்டில் இருந்தவர் ஷார்ப் கம்பெனியின் தலைவர். சில நாட்களிலேயே ஷார்ப் ஆட்கள் நின்டெண்டோ வாசலில் வந்து நின்றார்கள்.

ஷார்ப்புக்கும் அது தேவைப்பட்டது. கால்குலேட்டர் கம்பெனிகளுக்குள் நடந்த விலைப் போட்டியில் எல்.சி.டி.யும் சிப்பும் சல்லி விலைக்கு வந்திருந்தன. கால்குலேட்டரில் ஒரு எண்ணைக் காட்ட 7 கோடுகள் இருக்குமில்லையா, எட்டு இலக்கம் என்றால் 56 கோடுகள். அந்தக் கோடுகளுக்குப் பதிலா கை, கால், பந்து என்று வடிவம் அச்சடித்து ஒவ்வொன்றா எரிய விட்டால் பொம்மை நகர்கிற மாதிரி தெரியும். அவ்வளவுதான் டெக்னாலஜி. 1980 ஏப்ரலில் பால் என்ற பெயரில் முதல் கேம் அண்ட் வாட்ச் வந்தது. விலை 5,800 யென். ஓரத்தில் நேரமும் காட்டும். அதற்குப் பிறகு 1991 வரை சுமார் 60 மாடல்கள், மொத்தம் 4 கோடிக்கு மேல் விற்பனை.

1982-ல் டாங்கி காங்கை அந்தச் சின்ன டப்பாவுக்குள் கொண்டுவர வேண்டி வந்தது. நாலு பக்கமும் நகரணும். ஆர்கேட் மெஷினில் ஜாய்ஸ்டிக் இருந்தது, ஆனால் புத்தகம் மாதிரி மடக்கி பாக்கெட்டில் போடுகிற பொருளில் குச்சியை நட்டு வைக்க முடியாது. நாலு தனி பட்டன் வைத்தால் விரலைத் தூக்கித் தூக்கி வைக்கணும், கண் திரையை விட்டு விலகும். யோகோய் நாலையும் ஒரே பிளாஸ்டிக் துண்டா இணைத்து, நடுவில் மட்டும் ஒரு தாங்கி வைத்தார். ஒரு பக்கம் அழுத்தினால் எதிர்ப்பக்கம் தூக்கிக்கொள்ளும். அதனால் இடதும் வலதும் ஒரே நேரத்தில் அழுந்தாது. எந்தப் பக்கம் அழுத்துகிறோம் என்று விரலுக்கே தெரியும், குனிந்து பார்க்க வேண்டாம். அடுத்த வருஷம் ஃபாமிகாம் கன்ட்ரோலரில் அது ஏறியது. நம்ம டிவி கேம் டப்பாக்கள் எல்லாம் அந்த ஃபாமிகாமின் காப்பிகள்தான் என்பதால், அப்படியே நம்ம வீடு வரைக்கும் வந்துவிட்டது.

இடையில் இன்னொன்று. மரியோ எவ்வளவு உயரத்திலிருந்து குதித்தாலும் சாகமாட்டான் இல்லையா? மரியோ பிரதர்ஸ் செய்யும்போது மியாமோட்டோவுக்கு அதில் தயக்கம் இருந்தது, அடிபடாமல் எப்படி என்று. அடிபடாவிட்டால் என்ன குறைந்துவிடும் என்று அவரை மாற்றியது யோகோய். மெட்ராய்டும் இவருடைய டீமிலிருந்து வந்ததுதான்.

பிறகு கேம்பாய். 1989 ஏப்ரல் 21-ல் ஜப்பானில் வெளியானது, விலை 12,500 யென். யோகோய் தலைமை, அவருடைய டீமில் சதோரு ஒகாடா முக்கியமான இன்ஜினியர். கேம் அண்ட் வாட்சின் அடுத்த தலைமுறையா, எளிமையா இருந்தால் போதும் என்று யோகோய் நினைத்தார். கேசட் மாற்றி மாற்றிப் போடுகிற குட்டி ஃபாமிகாமா இருக்கணும் என்று ஒகாடா சண்டை போட்டார். ஒகாடா ஜெயித்தார். அது நல்லதுக்குத்தான் என்று நான் சொல்வேன், இல்லாவிட்டால் டெட்ரிஸும் போக்கிமானும் அதில் வந்திருக்க வழியே இல்லை.

ஆனால் திரையில் யோகோய் விட்டுக்கொடுக்கவில்லை. கலர் வேண்டாம். 160-க்கு 144 புள்ளி, நாலே நாலு ஷேட், பின்னால் லைட்கூடக் கிடையாது. அதே வருஷம் அமெரிக்காவில் வந்த அட்டாரி லிங்ஸில் கலர், பேக்லைட் எல்லாம் இருந்தது. ஆனா அது 6 பென்சில் பேட்டரியை நாலைந்து மணி நேரத்தில் குடித்துவிடும். பிறகு வந்த சேகாவின் கேம் கியர் கதையும் அதேதான். கேம்பாய் 4 பேட்டரியில் 10 மணி நேரத்தைச் சாதாரணமா தாண்டும். பேட்டரியைக் காசு கொடுத்து வாங்குவது அப்பா அம்மா, விளையாடுவது பிள்ளை. இந்தக் கணக்கை யோகோய் போட்டார், மற்றவர்கள் போடவில்லை.

சுலபமாகவும் நடக்கவில்லை. முதலில் தேர்ந்தெடுத்த திரை, நேரா பார்த்தால் தெரியும், கொஞ்சம் சாய்த்தால் ஒன்றுமே தெரியாது. யமவுச்சி கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, இதை யார் வாங்குவான் என்கிற ரீதியில் முழு புராஜெக்டையும் நிறுத்தும் அளவுக்குப் போனார். ஷார்ப் வேறு வகை எல்.சி.டி.யைக் கொண்டுவந்த பிறகுதான் உயிர் வந்தது. அடுத்து வந்த கேம்பாய் கலரையும் சேர்த்து 11 கோடியே 80 லட்சத்துக்கு மேல் விற்றது.

இதே ஆள்தான் விர்ச்சுவல் பாயையும் செய்தார். 1995 ஜூலையில் வந்தது. அமெரிக்காவின் ரிஃப்ளெக்ஷன் டெக்னாலஜி என்ற கம்பெனியின் கண்டுபிடிப்பு அது. ஒரு கண்ணுக்கு 224 சிவப்பு எல்.இ.டி. ஒரே வரிசையில், அதற்கு முன்னால் வேகமா ஆடுகிற ஒரு கண்ணாடி. ஒற்றைக் கோடு முழுப் படமா தெரியும். நம்ம புராஜெக்ட் எக்ஸ்போவில் வருஷா வருஷம் யாராவது ஒரு டீம் சுழலும் எல்.இ.டி. பட்டை வைப்பாங்களே, அதே தத்துவம். இரண்டு கண்ணுக்கும் கொஞ்சம் வேறு வேறு படம் காட்டினால் ஆழம் தெரியும். சிவப்பு மட்டும் ஏன்? அதுதான் மலிவு, பேட்டரியும் கம்மியா குடிக்கும்.

பார்த்தால் அவருடைய கொள்கை அச்சு அசலா இருக்கு. மலிவு, பழகிய எல்.இ.டி., புது இடம். ஆனா லெஃப்டி காரில் வெட்டியது யாருக்கும் தேவைப்படாத வலது பக்கத்தை. இங்கே வெட்டுப்பட்டது ஆடுகிறவனின் சௌகரியம். தலையில் மாட்டுவதாக ஆரம்பித்த பொருள், பாதுகாப்புப் பயத்தில் மேஜை மேல் ஸ்டாண்டில் நின்றது. அதில் முகத்தைப் புதைத்துக் குனிந்து உட்காரணும். கழுத்து வலி, தலைவலி, கண் வலி. பக்கத்தில் இருக்கிறவனுக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. பாக்கெட்டிலும் போகாது, டிவியிலும் தெரியாது. கம்பெனியின் கவனமும் நின்டெண்டோ 64 பக்கம் போய்விட்டது. 22 கேம்களோடு, சுமார் 7 லட்சத்து 70 ஆயிரம் விற்றதோடு, ஒரு வருஷம்கூட ஒழுங்கா ஓடாமல் நின்றுபோனது.

1996 பிப்ரவரியில் போக்கிமான் வந்து, ஏழு வயசான கேம்பாய்க்கு மறுபடி உயிர் கொடுத்தது. ஜூலையில் யோகோய் டீமின் மெலிசான கேம்பாய் பாக்கெட் வெளியானது. ஆகஸ்ட் 15-ம் தேதி 31 வருஷ வேலையை விட்டு அவர் வெளியே வந்தார். விர்ச்சுவல் பாய் தோல்விக்காக விரட்டினார்கள் என்று பேச்சு கிளம்பியது. அதை அவர் மறுத்தார். ஐம்பதைத் தாண்டியதும் சொந்தமா ஏதாவது செய்யணும் என்று முன்பே முடிவு செய்திருந்ததாகச் சொன்னார். தோற்ற உடனே போகாமல், பாக்கெட் மாடலை முடித்துக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது மட்டும் எனக்குக் கண்ணில் படுகிறது.

கியோட்டோவிலேயே கோட்டோ என்று சின்னதா ஒரு கம்பெனி ஆரம்பித்தார். பண்டாய் கம்பெனிக்காக வொண்டர்ஸ்வான் என்ற கையடக்க கேம் மெஷின் வேலை தொடங்கியது. மறுபடியும் கறுப்பு வெள்ளைத் திரை, மறுபடியும் பேட்டரிக் கணக்கு. இந்தத் தடவை நாலு இல்லை, ஒரே ஒரு பென்சில் பேட்டரி.

1997 அக்டோபர் 4-ம் தேதி, இஷிகாவா மாகாணத்தில் எக்ஸ்பிரஸ்வே ஒன்றில், கூட வேலை செய்தவர் ஓட்டிய காரில் போய்க்கொண்டிருந்தார். கார் முன்னால் போன லாரியின் பின்பக்கம் இடித்தது. பெரிய அடி இல்லை. என்ன சேதம் என்று பார்க்க இருவரும் இறங்கினார்கள். பின்னால் வந்த இன்னொரு கார் யோகோய் மீது மோதியது. அப்போது அவருக்கு 56 வயசு.

வொண்டர்ஸ்வான் 1999 மார்ச்சில் 4,800 யென்னுக்குக் கடைக்கு வந்தது. ஒரு பேட்டரியில் 30 மணி நேரத்துக்கு மேல் ஓடியது. அதோடு கூடவே வந்த ஒரு புதிர் கேமில், சாய்ந்த கோடுகளை மேலும் கீழும் நகர்த்தி, இடது ஓரத்திலிருந்து வலது ஓரம் வரை அறுந்துபோகாமல் இணைக்க வேண்டும். அந்த கேமுக்கு குன்பெய் என்று பெயர் வைத்தார்கள்.