டாக்டர் முத்துலட்சுமி அம்மையார்

கலியாணப் பேச்சென்றால் குலம், ஜாதகம், சீர் என விசாரிப்பதே நம் வழக்கம். விவாகத்திற்கே உரிமையற்றிருந்த பெண்களும் நம் நாட்டிலிருந்தனர் என்பதைப் பாவூர்சத்திரத்து இளைஞர் பலர் அறியார். அவர்கள்பொருட்டு உழைத்த அம்மையாரின் சரிதத்தை ஈண்டுச் சுருங்க வரைகின்றோம்.

அம்மையார் 1886-ம் ஆண்டு புதுக்கோட்டையில் பிறந்தார். தந்தையார் நாராயணசாமி ஐயர். தாயார் சந்திரம்மாள் இசைவேளாளர் மரபினர். 1912-ல் சென்னையில் வைத்தியப் பட்டம் பெற்றார். விவாகமே வேண்டாமென்றிருந்தவர், தம்மைச் சமமாக நடத்த இசைந்த டாக்டர் சுந்தர ரெட்டியாரை 1914-ல் மணந்தார். சாதி வேறென்று நம் முதியோர் சிலர் முகஞ்சுளிக்கலாம். நாம் அதனை மறைத்தெழுத விரும்பவில்லை.

கோயிலில் பொட்டுக் கட்டப்பெற்ற சிறுமி தெய்வத்துக்கே மனைவி எனப்பட்டாள். ஆகவே மானிடனொருவனுக்கு மாலையிட வழக்கம் இடந்தரவில்லை. அவளோடு வாழ்ந்தவனுக்கோ கணவனுக்குரிய கடமை யாதுமில்லை!

1927-ல் சென்னைச் சட்டசபையின் உபதலைவரான அம்மையார் இவ்வழக்கத்தை ஒழிக்க முனைந்தார். சமயமும் கலையும் கெடுமென்று எதிர்த்தோர் பலர். தேவதாசியருள்ளும் எதிர்த்தோருண்டு, மானியம் போனால் சோற்றுக்கு வழியென்ன என்பது அவர்கள் கவலை. அக்கவலை நியாயமானதே. 1929-ம் ஆண்டுச் சட்டம் அவர்களைக் கோயில் ஊழியத்தினின்று விடுவித்து, மானிய நிலத்தை அவர்கட்கே உரித்தாக்கிற்று. மறு ஆண்டு அம்மையார் சட்டசபைப் பதவியைத் துறந்தார். பொட்டுத் தடை மசோதா நெடுநாள் கிடப்பில் கிடந்தது.

1947-ல் அது சட்டமாயிற்று. பொட்டுக் கட்டுதல் குற்றமென்றதோடு, கட்டப்பட்டவள் செய்துகொள்ளும் விவாகம், வழக்கம் யாதாயினும், செல்லும் என்றும் அது விதித்தது. அம்மையார் அதனைக் கண்ணாரக் கண்டு, 1968-ல் மறைந்தார்.