தென் வானின் முதல் வழிகாட்டி

முன்பின் அறியாத ஊருக்குச் செல்பவர் கையில் ஒரு வழிகாட்டி நூல் இருந்தால் அவருக்குக் கவலையில்லை. எந்தத் தெருவில் எது இருக்கிறது, எங்கே நின்று எதைப் பார்க்க வேண்டும் என்பதையெல்லாம் அது சொல்லிவிடும். வானத்திற்கும் இத்தகைய வழிகாட்டி நூல்கள் உண்டு என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்?

இருண்ட இரவில் வானத்தை உற்று நோக்கினால், விண்மீன்களுக்கு இடையே ஆங்காங்கே புகை போலவும் பஞ்சு போலவும் சில மங்கலான திட்டுகள் தெரியும். அவற்றுள் சில, பல்லாயிரம் விண்மீன்கள் கூடி வாழும் கொத்துகள். சில, ஒளிரும் வாயு மேகங்கள். இன்னும் சில, நமது பால்வீதியைப் போலவே கோடிக்கணக்கான விண்மீன்களைக் கொண்ட வேறு அண்டங்கள். எந்த விண்மீனுக்கு அருகே தொலைநோக்கியைத் திருப்பினால் இவற்றைக் காணலாம், அவை எப்படித் தோன்றும் என்று சொல்பவையே வானத்து வழிகாட்டி நூல்கள். பாரிஸ் நகரிலிருந்து தெரியும் வானத்திற்கு இத்தகைய பட்டியலை வெளியிட்டுப் புகழ் பெற்றவர் சார்ல் மெசியே. அவருடைய முதற்பட்டியல் 1774ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஆனால் அதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்னரே, ஐரோப்பியர் பலர் கண்ணால் கண்டிராத தென் வானத்திற்கு ஒரு பட்டியலைத் தந்துவிட்டார் ஒரு பெரியவர். அவரே நிக்கோலா லூயி தெ லக்காய். அவரது வாழ்க்கையைச் சற்றே காண்போம்.

பிரெஞ்சு நாட்டின் வடகிழக்கே ஆர்தென் பகுதியில் ருமினி என்றொரு சிற்றூர் உள்ளது. அங்கே 1713ஆம் ஆண்டில் லக்காய் பிறந்தார். குருவாக வேண்டும் என்னும் எண்ணத்துடன் பாரிஸ் சென்று இறையியல் பயின்றார். படித்துக் கொண்டிருக்கும்போதே தந்தை இறந்துவிட்டார். கையில் பொருளின்றித் தவித்த மாணவருக்கு பூர்போன் கோமகன் உதவி செய்ததால் படிப்பு தடைப்படாமல் நடந்தது. லக்காய் திருத்தொண்டர் பட்டம் பெற்றார். ஆயினும் அவருடைய உள்ளம் கணிதத்திலும் வான நூலிலும் ஆழ்ந்துவிட்டது. குருப்பட்டம் பெறாமலே, அறிவியலைத் தம் வாழ்நாள் பணியாக ஏற்றுக்கொண்டார். இருந்தும் இறுதி வரை மக்கள் அவரை அபே லக்காய் என்றே மரியாதையுடன் அழைத்து வந்தனர்.

புகழ் பெற்ற வான நூலறிஞர் ழாக் கசீனி அவருடைய திறமையைக் கண்டு ஆதரித்தார். லக்காய் முதலில் நாட்டின் கடற்கரையை அளக்கும் பணியில் ஈடுபட்டார். பின்னர் 1739ஆம் ஆண்டில் பிரெஞ்சு நாட்டின் தீர்க்கரேகையை மீண்டும் அளக்கும் பெரும்பணியில் சேர்ந்தார். விரைவில் மசரீன் கல்லூரியில் கணிதப் பேராசிரியரானார். 1741ஆம் ஆண்டில் அறிவியல் அகாதமி அவரை உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. வேதியியல் பாடத்தில் நாம் படிக்கும் லவாய்சியர் இளமையில் இவரிடம் பாடம் கேட்ட மாணவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தி.

அக்காலத்தில் வட வானத்து விண்மீன்கள் ஓரளவு நன்கு அளக்கப்பட்டிருந்தன. தென் வானமோ ஏறத்தாழ இருட்டறையாகவே கிடந்தது. 1677ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் எட்மண்ட் ஹாலி, செயின்ட் எலினா தீவுக்குச் சென்று 341 விண்மீன்களை அளந்து வந்தார். அவ்வளவே. இக்குறையை நீக்க வேண்டுமென்று லக்காய் விரும்பினார். அகாதமியும் இசைவளித்தது. 1750ஆம் ஆண்டு நவம்பரில் கப்பலேறி, ரியோ டி ஜெனீரோ வழியாக, 1751 ஏப்ரலில் ஆப்பிரிக்காவின் தென்கோடியாகிய நன்னம்பிக்கை முனையை அடைந்தார். அப்போது அது டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்தது. ஆளுநர் ரைக் துல்பாக் அவரை அன்புடன் வரவேற்றார். கேப் டவுன் நகரில், மேசை மலையின் அடிவாரத்தில் சிறியதோர் ஆய்வகம் அமைந்தது.

அங்கே அவர் பயன்படுத்திய தொலைநோக்கியின் அளவைக் கேட்டால் நாம் வியப்படைவோம். அதன் முன்கண்ணாடியின் விட்டம் அரை அங்குலமே. பொருள்களை எட்டு மடங்கு மட்டுமே பெரிதாக்கிக் காட்டியது. இந்நாளில் பறவைகளைப் பார்க்கப் பலர் வைத்திருக்கும் இரட்டைக்குழல் கண்ணாடி கூட அதைவிட அதிக ஒளியைத் திரட்டும்! அச்சிறு குழலை ஒரு கால்வட்டக் கருவியில் பொருத்தினார். தென் வானத்தை ஒடுங்கிய பட்டைகளாகப் பிரித்துக் கொண்டார். பூமி சுழலச் சுழல, ஒரு பட்டையிலுள்ள விண்மீன்கள் ஒவ்வொன்றாகக் குழலின் பார்வைக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். நுழையும் நேரத்தையும் வெளியேறும் நேரத்தையும் கடிகாரம் பார்த்துக் குறித்துக் கொள்வார். பிறகு அடுத்த விண்மீன். மறுநாள் அடுத்த பட்டை. இப்படி 1751 ஆகஸ்டு முதல் 1752 ஜூலை வரை இரவுகளைக் கழித்தார். ஊர் உறங்கும் வேளையில் அவர் விழித்திருந்ததால் 9,766 விண்மீன்களின் இருப்பிடங்கள் கிடைத்தன. ஹாலியின் 341 எங்கே, இது எங்கே!

விண்மீன்களைக் குறிக்கும்போதே, இடையிடையே தென்பட்ட மங்கலான திட்டுகளையும் அவர் விட்டுவிடவில்லை. அவற்றுள் 42ஐத் தேர்ந்து, ஒரு பட்டியலாக்கினார். அகாதமியின் 1755ஆம் ஆண்டு ஏட்டில் அது இடம் பெற்றது. பட்டியலில் மூன்று வகுப்புகள். விண்மீன் எதுவும் தெரியாத புகைத்திட்டுகள் முதல் வகுப்பு. விண்மீன்கள் நெருங்கி நிற்கும் கொத்துகள் இரண்டாம் வகுப்பு. புகை சூழ்ந்த விண்மீன்கள் மூன்றாம் வகுப்பு. வகுப்புக்குப் பதினான்கு. ஒவ்வொன்றுக்கும் இருக்குமிடமும் தோற்றமும் சுருக்கமாகக் கூறப்பட்டன. இன்றைய வழிகாட்டி நூல்களும் இதையே செய்கின்றன அல்லவா?

அச்சிறு பட்டியலில் எத்தனை செல்வங்கள்! இலட்சக்கணக்கான விண்மீன்கள் உருண்டையாகத் திரண்ட 47 துக்கானே என்னும் கொத்தை முதலில் பதிவு செய்தவர் அவரே. தென்சிலுவைக்கு அருகே வண்ண மணிகள் போல மின்னும் நகைப்பெட்டி என்னும் கொத்தும் அதில் உண்டு. 1752ஆம் ஆண்டில் அவர் கண்ட மற்றொரு மங்கல் திட்டு பின்னர் மெசியேயின் பட்டியலில் 83ஆம் எண்ணைப் பெற்றது. அது சுமார் ஒன்றரைக் கோடி ஒளியாண்டுத் தொலைவிலுள்ள தனி அண்டம் என்பது இருபதாம் நூற்றாண்டில்தான் விளங்கிற்று. தாம் கண்டது இன்னதென்று அறியாமலே, கண்டதைக் கண்டவாறு எழுதி வைத்தார் லக்காய். அதுவே அவருடைய பெருமை.

தென் வானில் பெயரற்றுக் கிடந்த இடங்களுக்குப் பெயரிடும் வாய்ப்பும் அவருக்குக் கிடைத்தது. அரசர்களின் பெயரையோ தம் பெயரையோ அவர் சூட்டவில்லை. கலைஞர்களும் அறிஞர்களும் உழைக்கப் பயன்படும் கருவிகளின் பெயர்களைச் சூட்டினார். உளி, உலை, கடிகாரம், திசைகாட்டி, நுண்ணோக்கி, தொலைநோக்கி ஆகியவை வானேறின. நமது ஜாமெட்ரி பெட்டியில் இருக்கும் கவராயமும் அவற்றுள் ஒன்று! அவர் அமைத்த பதினான்கு விண்மீன் கூட்டங்களுள் ஒன்று மட்டும் கருவியன்று. தமக்கு அருகே நின்ற மேசை மலையின் பெயரே அது. இப்பதினான்கும் இன்றும் உலகெங்கும் வழக்கில் உள்ளன. அவருடைய புதிய தென் வானத்தை வண்ணப் படமாகத் தீட்டியவர் ஆன் லூயிஸ் லெ ழெனே என்னும் பெண் ஓவியர். 1754ஆம் ஆண்டில் அப்படம் அகாதமியின் முன் வைக்கப்பட்டது.

வானத்தை அளந்தவர் மண்ணையும் அளந்தார். கேப் டவுனுக்கு வடக்கே தீர்க்கரேகையின் ஒரு பகுதியை 1752ஆம் ஆண்டில் அளந்தபோது அவருக்கு விந்தையான விடை கிடைத்தது. பூமியின் தென்பாதி வடபாதியினின்று வேறுபட்ட வடிவமுடையது என்று அது காட்டிற்று. கணக்கைச் சரிபார்த்தார்; பிழை காணவில்லை. எதிர்பார்த்த விடைக்கேற்ப எண்களைத் திருத்தாமல், கிடைத்ததை அப்படியே வெளியிட்டார்.

இப்புதிர் அவிழ நெடுங்காலம் ஆயிற்று. அதை அவிழ்க்க உதவியவர் நம் நாட்டோடு தொடர்புடையவர். இந்திய நாட்டை அளக்கும் மாபெரும் பணி 1802ஆம் ஆண்டில் சென்னைப் பரங்கிமலை அருகே லாம்டன் என்பவரால் தொடங்கப்பெற்றது. அவருடைய உதவியாளராக இருந்த ஜார்ஜ் எவரெஸ்ட், உடல்நலம் தேறுவதற்காக 1820ஆம் ஆண்டில் நன்னம்பிக்கை முனைக்குச் சென்றார். உலகின் உயரமான சிகரத்திற்கு இவர் பெயரே இடப்பட்டது. லக்காய் அளந்த இடங்களைச் சென்று பார்த்த எவரெஸ்ட், அருகிலுள்ள மலைகளின் ஈர்ப்பு தூக்குக்குண்டின் நூலைச் சற்றே சாய்த்திருக்க வேண்டும் என்று கருதினார். பின்னர் 1840களில் தாமஸ் மக்ளியர் அப்பகுதியை மீண்டும் அளந்து அதை உறுதி செய்தார். லக்காயின் கை தவறவில்லை. மலைதான் நூலை இழுத்தது. அவர் எண்களை மறைத்தோ மாற்றியோ இருந்தால், பின்வந்தோர் இந்த உண்மையைக் கண்டிருக்க முடியுமா?

நன்னம்பிக்கை முனையிலிருந்து மொரீசியசுக்குச் சென்று பணியாற்றிய பின், 1754ஆம் ஆண்டில் பாரிஸ் திரும்பினார். மீண்டும் கல்லூரி, மீண்டும் இரவு விழிப்பு, மீண்டும் முடிவில்லாக் கணக்குகள். கொண்டு வந்த விண்மீன்களுள் 1,942க்கு மட்டுமே கணக்கை முடிக்க அவருக்கு நேரம் கிடைத்தது. ஓயாத உழைப்பால் நலிந்த உடல் தாங்கவில்லை. 1762 மார்ச் 21ஆம் நாள், ஐம்பது வயதைக்கூட எட்டாமல் இறைவனடி சேர்ந்தார். அவருடைய தென் வான நூல் மறு ஆண்டே வெளிவந்தது. ஆனால் 9,766 விண்மீன்களின் முழுப்பட்டியல் 1847ஆம் ஆண்டில்தான் இங்கிலாந்தில் அச்சாயிற்று. அவர் மறைந்து 85 ஆண்டுகளுக்குப் பிறகும் அவருடைய குறிப்புகள் நம்பத் தகுந்தவையாக இருந்தன.

அவர் இட்ட பாதையில் பலர் நடந்தனர். ஜேம்ஸ் டன்லப் ஆஸ்திரேலியாவின் பாரமட்டாவிலிருந்து 629 பொருள்களைப் பட்டியலிட்டார். ஜான் ஹெர்ஷல் 1834 முதல் 1838 வரை அதே நன்னம்பிக்கை முனையில் பெரிய தொலைநோக்கியுடன் தங்கி, 1,700க்கும் மேற்பட்டவற்றைக் குறித்தார். 1968ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியப் பேராசிரியர் ஹார்ட்டுங், தென் வானத்தைக் காண்போருக்கென்றே சிறந்ததொரு வழிகாட்டி நூலை எழுதினார். நாற்பத்திரண்டாகத் தொடங்கியது இவ்வாறு பெருகிற்று.

தமிழ்நாட்டில் வாழும் நமக்கு ஒரு நற்பேறு உண்டு. பாரிசிலிருந்து லக்காய் காண இயலாதவற்றுள் சிலவற்றை நாம் நம் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே காணலாம். ஏப்ரல், மே மாத இரவுகளில் தெற்கே நோக்கினால் தென்சிலுவை தெரியும். அதற்குச் சற்று மேலே இடப்பக்கமாக, விளக்கொளி இல்லாத இடத்தில், மங்கலான பஞ்சுத் துளி ஒன்று தெரியும். அதுவே ஒமேகா சென்டாரி. லக்காயின் 42இல் அதுவும் ஒன்று.

பெரிய கருவி கிடைத்தால்தான் பெரிய செயல் செய்வோம் என்று காத்திராமல், கையிலிருந்த அரை அங்குலக் கண்ணாடியால் ஒரு வானத்தையே அளந்தார் லக்காய். தாம் முடிக்காததைப் பிறர் முடிக்கும் வண்ணம் உண்மையாக எழுதி வைத்தார். அன்புத் தோழியரே! நமது ஆய்வுக்கூட ஏட்டில் ஓர் எண்ணை எழுதும்போதும் அவரை நினைவு கூர்வோம். கண்டதைக் கண்டவாறே எழுதுவோம்.