ஹாக் பிரபு

மார்ட்டின் பிளேடன் ஹாக், 7ஆவது ஹாக் பிரபு (ஆகஸ்ட் 16, 1860 – அக்டோபர் 10, 1938) இங்கிலாந்தைச் சேர்ந்த துடுப்பாட்ட (கிரிக்கெட்) வீரரும் நிருவாகியும் ஆவார். 1883 முதல் 1910 வரை யோர்க்சயர் கவுண்டி அணியின் தலைவராக விளங்கினார். இவரது தலைமையில் யோர்க்சயர் எட்டு முறை கவுண்டி வாகைப் பட்டத்தை வென்றது. ஊதியம் பெற்று ஆடிய தொழில்முறை வீரர்களின் வாழ்க்கை நிலையை உயர்த்தியவர் என்றும், அவர்கள் அணித்தலைமைக்கு வருவதை எதிர்த்தவர் என்றும் இவர் ஒருசேர நினைவுகூரப்படுகிறார்.

பிறப்பும் கல்வியும்

ஹாக், லிங்கன்சயர் கவுண்டியில் கெயின்சுபரோ நகருக்கு அருகிலுள்ள வில்லிங்கத்தில் பிறந்தார். தந்தை ஆங்கிலிக்கத் திருச்சபையின் குரு. 1759இல் கிபெரோன் விரிகுடாப் போரில் பிரெஞ்சுக் கடற்படையை வென்ற தளபதி எட்வர்டு ஹாக் இக்குடும்பத்தின் முதல் பிரபு ஆவார். 1870இல் தந்தைக்குப் பிரபுப் பட்டம் கிடைத்தபின் குடும்பம் யோர்க்சயருக்குக் குடிபெயர்ந்தது. ஈட்டன் பள்ளியிலும் கேம்பிரிட்ச் பல்கலைக்கழகத்தின் மாக்டலின் கல்லூரியிலும் கல்வி பயின்ற ஹாக், 1885இல் பல்கலைக்கழகத் துடுப்பாட்ட அணிக்குத் தலைமை தாங்கினார். 1887இல் தந்தை காலமானதைத் தொடர்ந்து 7ஆவது பிரபு ஆனார்.

யோர்க்சயர் அணியில்

யோர்க்சயர் கவுண்டி துடுப்பாட்டக் கழகம் 1863ஆம் ஆண்டு சனவரி 8ஆம் நாள் செஃபீல்டு நகரில் தொடங்கப்பட்டது. அக்கால இங்கிலாந்தில் துடுப்பாட்ட வீரர்கள் இரு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டிருந்தனர். ஊதியம் பெறாமல் ஆடிய செல்வர் வீட்டுப் பிள்ளைகள் "கனவான்கள்" எனப்பட்டனர். ஊதியத்துக்கு ஆடிய உழைக்கும் மக்கள் "தொழில்முறை ஆட்டக்காரர்கள்" எனப்பட்டனர். பெரும்பாலும் தொழில்முறை வீரர்களையே கொண்டிருந்த யோர்க்சயர் அணி திறமை மிக்கதாயினும் கட்டுப்பாடு அற்றதாக இருந்தது. மதுப்பழக்கம் பலரது ஆட்டத்தைக் கெடுத்தது.

1881இல் இவ்வணிக்காக முதன்முதலில் ஆடிய ஹாக், 1883இல் தொழில்முறை வீரரான டாம் எம்மெட்டிடம் இருந்து தலைமையை ஏற்றார். அப்போது இவருக்கு வயது 22. ஒழுங்கை நிலைநாட்டுவதே இவரது முதல் நோக்கமாக இருந்தது. 1887இல் புகழ்பெற்ற இடக்கைப் பந்துவீச்சாளர் டெட் பீட் அணியிலிருந்து விலக்கப்பட்டார். 1890இல் கவுண்டிப் போட்டித்தொடர் முறைப்படி அமைக்கப்பட்டபின், 1893இல் யோர்க்சயர் முதன்முறையாக அதனை வென்றது. தொடர்ந்து 1896, 1898, 1900, 1901, 1902, 1905, 1908 ஆகிய ஆண்டுகளிலும் வாகை சூடியது. 1900ஆம் ஆண்டுத் தொடரில் 28 ஆட்டங்களில் ஒன்றில்கூடத் தோற்கவில்லை. அடுத்த இரண்டு ஆண்டுகளிலும் ஆண்டுக்கு ஓர் ஆட்டத்தில் மட்டும், இருமுறையும் சாமர்செட் அணியிடம், தோற்றது.

பாபி பீல் விலக்கப்படல்

1896 மே மாதம் பர்மிங்காமில் வாரிக்சயர் அணிக்கு எதிராக யோர்க்சயர் 887 ஓட்டங்கள் குவித்தது. கவுண்டித் தொடரில் ஓர் அணி எடுத்த மிகக்கூடிய ஓட்டங்களாக இது ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக நிலைத்தது. இவ்வாட்டத்தில் ஹாக் 166 ஓட்டங்களும், பாபி பீல் ஆட்டமிழக்காமல் 210 ஓட்டங்களும் எடுத்தனர். எட்டாவது விக்கெட்டுக்கு இருவரும் சேர்ந்து 292 ஓட்டங்கள் பெற்றனர். 166 ஓட்டங்களே ஹாக் தம் வாழ்நாளில் ஓர் ஆட்டப்பகுதியில் எடுத்த மிகக்கூடிய ஓட்டங்களாகும்.

பீல், தேர்வுப் போட்டிகளில் 101 விக்கெட்டுகளை வீழ்த்திய இடக்கைப் பந்துவீச்சாளர். ஆயினும் 1897 ஆகஸ்டில் செஃபீல்டில் நடந்த ஆட்டத்துக்கு மதுமயக்கத்தில் வந்ததால் ஹாக் இவரை அணியிலிருந்து நீக்கினார். பீல் அதன்பின் யோர்க்சயருக்காக ஆடவில்லை. அவரது இடத்துக்கு 1898இல் வந்த வில்பிரட் ரோட்ஸ் முதல் பருவத்திலேயே 154 விக்கெட்டுகளை வீழ்த்தினார். பிற்காலத்தில் முதல்தர ஆட்டங்களில் 4,204 விக்கெட்டுகளை எடுத்து உலகச் சாதனை படைத்தவர் இவரே.

தொழில்முறை வீரர்களின் நலன்

துடுப்பாட்டம் கோடைகால ஆட்டமாதலால் குளிர்காலத்தில் தொழில்முறை வீரர்களுக்கு வருமானம் இராது. பலர் சுரங்கங்களுக்கும் ஆலைகளுக்கும் வேலைக்குச் சென்றனர். 1890களில் ஹாக்கின் முயற்சியால் யோர்க்சயரின் நிலையான வீரர்களுக்குக் குளிர்காலத்திலும் வாரத்துக்கு 2 பவுண் ஊதியம் வழங்கப்பட்டது. வெறும் ஓட்ட எண்ணிக்கையைக் கொண்டு ஊக்கத்தொகை வழங்காமல், அணிக்குத் தேவையான நேரத்தில் சிறப்பாக ஆடியவருக்கு மதிப்பெண் அளித்து அதற்கேற்பப் பணம் வழங்கினார்.

நெடுங்காலம் ஆடிய வீரர் ஒருவருக்கு ஓர் ஆட்டத்தின் நுழைவுக் கட்டண வருமானத்தை அளிப்பது கவுண்டிக் கழகங்களின் வழக்கம். இப்பணம் விரைவில் செலவழிந்துவிடுவதைக் கண்ட ஹாக், அதில் மூன்றில் இரண்டு பங்கைக் கழகமே வீரரின் பெயரில் முதலீடு செய்யும் முறையை ஏற்படுத்தினார். 1904இல் ஜார்ஜ் ஹர்ஸ்டுக்கு இவ்வகையில் 3,700 பவுணுக்கும் மேல் கிடைத்தது. இம்முறை முதுமையில் பலரை வறுமையிலிருந்து காத்தது. எனினும் தாம் ஈட்டிய பணத்தைத் தாமே ஆளும் உரிமை வீரர்களுக்கு இல்லாமற் போனது.

வெளிநாட்டுப் பயணங்கள்

ஹாக் தம் அணிகளை வட அமெரிக்கா, தென்னாப்பிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், அர்ஜென்டீனா ஆகிய இடங்களுக்கு அழைத்துச் சென்றார். 1892–93இல் இவரது அணி இலங்கையிலும் இந்தியாவிலும் ஆடியது. பம்பாயில் பார்சி அணி ஓர் ஆட்டத்தில் இவ்வணியை வென்றது. தென்னாப்பிரிக்காவில் நான்கு தேர்வுப் போட்டிகளில் இங்கிலாந்துக்குத் தலைமை தாங்கி நான்கிலும் வென்றார்.

நிருவாகியாக

1898 முதல் இறக்கும்வரை யோர்க்சயர் கழகத்தின் தலைவராகப் பணியாற்றினார். 1914 முதல் 1918 வரை மேரிலபோன் துடுப்பாட்டக் கழகத்துக்கும் தலைவராக இருந்தார். யோர்க்சயரில் பிறந்தவர்களே அக்கவுண்டிக்கு ஆடவேண்டும் என்ற வழக்கம் இவர் காலத்தில் வேரூன்றியது. ஆனால் ஹாக் அக்கவுண்டியில் பிறந்தவர் அல்லர். இவ்வழக்கம் 1992இல் கைவிடப்பட்டது. அவ்வாண்டு சச்சின் டெண்டுல்கர் யோர்க்சயருக்காக ஆடினார்.

1925இல் யோர்க்சயர் கழகக் கூட்டத்தில் பேசியபோது, தொழில்முறை வீரர் எவரும் இங்கிலாந்து அணிக்குத் தலைவராகும் நிலை வரக்கூடாது என ஹாக் வெளிப்படையாகக் கூறினார். இப்பேச்சு பெரும் விவாதத்தைக் கிளப்பியது. 1927இல் தொழில்முறை வீரர் ஹெர்பர்ட் சட்கிளிப்புக்கு யோர்க்சயர் அணித்தலைமை வழங்கப்பட்டது. உறுப்பினர்களிடையே எதிர்ப்பு எழுந்ததால் அவர் அதனை ஏற்கவில்லை.

இறப்பும் பின்னரும்

ஹாக் 1938இல் எடின்பரோ நகரில் காலமானார். இவருக்குப் பிள்ளைகள் இல்லாததால் பிரபுப் பட்டம் தம்பிக்குச் சென்றது. இவர் இறந்து 14 ஆண்டுகளின் பின், 1952இல் யோர்க்சயரின் தொழில்முறை வீரரான லென் ஹட்டன் இங்கிலாந்து அணித்தலைவராக நியமிக்கப்பட்டார். அவர் தலைமை தாங்கிய முதல் தேர்வுப் போட்டி, யோர்க்சயரின் ஹெடிங்லி மைதானத்திலேயே இந்தியாவுக்கு எதிராக நடைபெற்றது. கனவான்கள், தொழில்முறை ஆட்டக்காரர்கள் என்ற பிரிவினை 1962 நவம்பரில் முற்றாக நீக்கப்பட்டது.