கை கழுவச் சொன்னவரைக் கைகழுவிய ஊர்

கல்லூரியில் ரெக்கார்டு நோட்டை நண்பனிடம் வாங்கி, விடிய விடியக் காப்பியடித்தவர்கள்தான் நம்மில் பாதிப் பேர். ரீடிங் எடுப்பதும், எடுத்ததை உள்ளபடி எழுதி வைப்பதும் எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போ நமக்குத் தெரியலை. அந்த ஒரு பழக்கத்தால் பல நூறு தாய்மார்களின் உயிரைக் காத்த ஒரு டாக்டரின் கதை இது.

இக்னாஸ் செம்மல்வைஸ் 1818-ல் ஹங்கேரியின் பூடா நகரில் ஒரு மளிகை வியாபாரியின் மகனாகப் பிறந்தார். சட்டம் படிக்க வியன்னா போனவர், மருத்துவத்துக்கு மாறினார். 1846-ல் வியன்னா பொது மருத்துவமனையின் முதல் பிரசவப் பிரிவில் உதவி மருத்துவரானார்.

அங்கே பிரசவப் பிரிவுகள் இரண்டு. முதல் பிரிவில் மருத்துவ மாணவர்களும், இரண்டாவதில் மருத்துவச்சிகளும் பயிற்சி பெற்றார்கள். 1846-ல் முதல் பிரிவில் 4,010 பிரசவங்களில் 459 தாய்மார்கள் இறந்தார்கள். இரண்டாவதில் 3,754-க்கு 105 பேர்தான். பெரும்பாலும் பிரசவக் காய்ச்சல். முதல் பிரிவு வேண்டவே வேண்டாம் என்று பெண்கள் காலில் விழுந்து கெஞ்சினார்களாம்.

ஒரே ஆஸ்பத்திரி, ஒரே ஊர்க் காற்று. அப்புறம் ஏன் இந்த வித்தியாசம்? கூட்ட நெரிசலா என்று பார்த்தார். இரண்டாவது பிரிவில்தான் நெரிசல் அதிகம். பிரசவிக்கும்போது படுக்கும் நிலையை மாற்றிப் பார்த்தார். பலனில்லை.

1847 மார்ச்சில் அவருடைய நண்பர் கொலெட்ச்கா இறந்தார். பிரேதப் பரிசோதனையின்போது ஒரு மாணவரின் கத்தி அவர் விரலில் பட்டிருந்தது. இறந்த தாய்மார்களின் உடலில் கண்ட அதே அறிகுறிகள் அவர் உடலிலும் இருந்தன. செம்மல்வைஸுக்குச் சட்டென்று விளங்கியது. பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வரும் கைகள்தான் காரணம்! அதில் தன்னுடைய கைகளும் உண்டு. அதை அவர் மறைக்கவில்லை.

மே மாதம் முதல் எல்லோரும் பிளீச்சிங் பவுடர் கரைசலில் கை கழுவ வேண்டும் என்று உத்தரவு போட்டார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 ஆக இருந்த சாவு, ஜூனில் 2 ஆனது. 1848-ல் வருஷம் முழுக்க 45 மரணங்கள்தான்.

ஆனால் பெரிய டாக்டர்கள் ஏற்கவில்லை. தங்கள் கையாலேயே சாவு என்றால் யார்தான் ஒத்துக்கொள்வார்கள்? 1849-ல் அவருடைய பதவி நீட்டிக்கப்படவில்லை. அவர் பக்கமும் ஒரு பிழை உண்டு. கண்டதை உடனே எழுதி வெளியிடவில்லை, நண்பர்கள்தான் எழுதினார்கள். அவருடைய புத்தகம் 1861 என்ற ஆண்டைத் தாங்கித்தான் வெளிவந்தது. 1865-ல் மனநோய் விடுதியில் சேர்க்கப்பட்ட அவர், இரண்டே வாரத்தில், காயம் சீழ்பிடித்து, 47 வயதில் இறந்தார்.

1879-ல் பாரிஸில் பாஸ்டர், அந்தக் காய்ச்சலுக்குக் காரணமான, சங்கிலிபோல் கோர்த்திருக்கும் கிருமியைக் கரும்பலகையில் வரைந்து காட்டினார். அதுதான் ஸ்ட்ரெப்டோகாக்கஸ்.

இன்றும் அந்தக் கிருமி போய்விடவில்லை. ஆஸ்பத்திரியில் பிரசவித்த ஒரே ஒரு தாய்க்கு அது வந்தாலும், தொற்றுத் தடுப்புக் குழுவுக்குச் சொல்லி, எங்கிருந்து வந்தது என்று தேட வேண்டும். பெயர் கெட்டுவிடும் என்று மறைத்தால் அது அடுத்த கட்டிலுக்குப் போய்விடும். நம் வீட்டுப் பெண்கள் படுக்கும் கட்டிலாகவும் அது இருக்கலாம்.

கையைக் கழுவுவோம். கணக்கையும் மறைக்காமல் எழுதுவோம்.