புதினாச் செடியும் பிரீஸ்ட்லியும்

இங்கிலாந்தின் லீட்ஸ் நகருக்கு அருகில் உள்ள சிற்றூர் ஒன்றில், கம்பளித் துணித் தொழில் செய்த குடும்பத்தில், 1733 ஆம் ஆண்டு ஜோசப் பிரீஸ்ட்லி பிறந்தார். இளமையிலேயே தாயை இழந்த அவரை அத்தை வளர்த்தார். பேசும்போது அவருக்கு நாத் திக்கும். ஆயினும் இலத்தீன், கிரேக்கம், எபிரேயம், அரபு எனப் பல மொழிகளைக் கற்று, சமயப் போதகராகவும் ஆசிரியராகவும் பணியாற்றினார். அவர் சார்ந்திருந்த சமயப் பிரிவு, அரசு ஏற்ற திருச்சபைக்கு உடன்படாதது. அதனால் ஆக்ஸ்ஃபோர்டிலும் கேம்பிரிட்ஜிலும் பட்டம் பெற அவருக்கு வழியில்லை.

1767 இல் அவர் லீட்ஸில் குடியேறியபோது, வீட்டின் அருகே பீர் வடிக்கும் ஆலை ஒன்று இருந்தது. புளிக்கும் தொட்டிகளின் மேல் ஒருவகைக் காற்று கனமாகத் தேங்கி நின்றது. எரியும் குச்சியை அதனுள் நீட்டினால் உடனே அணைந்தது. நாம் இன்று கார்பன் டை ஆக்சைடு என்று அழைக்கும் வாயு அது. அதனை நீரில் கரைத்துப் பருகும் முறையை 1772 இல் பிரீஸ்ட்லி நூலாக வெளியிட்டார். நம் ஊர்க் கடைகளில் விற்கும் கோலி சோடாவுக்கும் அந்த ஆலைத் தொட்டியே தொடக்கம் எனலாம்.

ஆனால் அவர் மனத்தை வாட்டிய வினா வேறு. மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகுவத்தி சிறிது நேரமே எரியும். சுண்டெலி சிறிது நேரமே உயிர் வாழும். எரிதலும் மூச்சு விடுதலும் காற்றைக் கெடுக்கின்றன. உலகெங்கும் அடுப்புகள் எரிகின்றன; எண்ணற்ற உயிர்கள் மூச்சு விடுகின்றன. அவ்வாறாயின், உலகத்துக் காற்று முழுவதும் இதற்குள் கெட்டுப்போயிருக்க வேண்டுமே! கெடாமல் அதனைக் காப்பது எது?

1771 ஆகஸ்டு 17 அன்று, மெழுகுவத்தி எரிந்து அணைந்த காற்றினுள் ஒரு புதினாக் கிளையை வைத்து மூடினார். செடியும் வாடி மடியும் என்றே எவரும் எண்ணியிருப்பர். அது தளிர்த்தது. பத்து நாள்கள் கழித்து அக்காற்றில் மற்றொரு மெழுகுவத்தியை நுழைத்தார். அது நன்றாக எரிந்தது. செடி காற்றைத் திருத்தியிருந்தது!

இச்சோதனையைத் திரும்பச் செய்து பார்த்த சிலருக்கு அது கைகூடவில்லை. காரணத்தை 1779 இல் யான் இங்கன்ஹௌஸ் என்னும் டச்சு மருத்துவர் கண்டறிந்தார். பசுமையான இலைகள் ஒளியில்தான் காற்றைத் திருத்துகின்றன, இருளில் அல்ல.

குடுவைக்குள் நிகழ்ந்த அச்செயல், புவி முழுவதிலும் முன்பே நிகழ்ந்த ஒன்றாகும். பிரீஸ்ட்லியின் காலத்தவர் அதனை அறிந்திலர். இளம் புவியின் வளிமண்டலத்தில் எரிமலைகள் கக்கிய நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் நைட்ரஜனும் இருந்தன. ஆக்சிஜன் ஏறத்தாழ இல்லை. பின்னர், கடலில் வாழ்ந்த கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள் சூரிய ஒளியால் உணவு ஆக்கக் கற்றன. ஆக்சிஜனைக் கழிவாக வெளியிட்டன. அது முதலில் கடல்நீரில் கரைந்திருந்த இரும்போடு சேர்ந்து துருவாகி அடியில் படிந்தது. உலகின் பெரிய இரும்புத் தாதுப் படிவுகள் பலவும் பழங்கடல்களின் அடியில் படிந்தவையே. சத்தீஸ்கரின் பைலாடிலா மலைகளும் அத்தகையனவே. சுமார் 240 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆக்சிஜன் காற்றிலும் சேரத் தொடங்கியது. இன்று வளிமண்டலத்தில் அதன் பங்கு 21 விழுக்காடு. லீட்ஸ் நகரத்துப் புதினா அந்நுண்ணுயிர்களின் தொழிலைத்தான் செய்தது.

செடி வெளியிட்ட அந்தக் காற்று, மூன்றாண்டுகளுக்குப் பின் வேறொரு வழியில் பிரீஸ்ட்லியின் கைக்கு வந்தது. 1774 ஆகஸ்டு 1 அன்று, பெரிய குவிவில்லை ஒன்றால் வெயிலைக் குவித்து, பாதரசத்தின் சிவந்த பொடியைச் சூடாக்கினார். வெளிவந்த காற்றில் மெழுகுவத்தி என்றும் காணாத ஒளியுடன் எரிந்தது. மறுஆண்டு அதனுள் ஒரு சுண்டெலியை விட்டார். கால்மணி நேரம் பிழைத்திருக்கும் என அவர் கருதிய எலி அரைமணி நேரம் தாங்கியது. பின்பு தாமும் அக்காற்றைச் சுவாசித்தார். அதனை நுகரும் பேறு இரண்டு எலிகளுக்கும் தமக்குமே வாய்த்தது என்று வேடிக்கையாக எழுதினார். சுவீடன் நாட்டின் ஷீலே என்பவரும் இதே வாயுவை முன்னரே பிரித்திருந்தார். ஆனால் பிரீஸ்ட்லியின் அறிவிப்பே முதலில் அச்சேறியது.

அவ்வாண்டின் இலையுதிர் காலத்தில் பாரிஸ் சென்ற பிரீஸ்ட்லி, விருந்தொன்றில் லவாய்சியரிடம் இதனை விவரித்திருந்தார். எரியும் பொருள்களிலிருந்து பிளாஜிஸ்டன் என்னும் ஒன்று வெளியேறுகிறது என்பதே அந்நாளைய கொள்கை. லவாய்சியர் அதனை மறுத்தார். எரியும்போது ஒன்றும் வெளியேறவில்லை, காற்றின் ஒரு பகுதி பொருளோடு சேர்கிறது என நிறுவி, அப்பகுதிக்கு ஆக்சிஜன் எனப் பெயரிட்டார். வாயுவைத் தம் கையால் பிரித்தெடுத்த பிரீஸ்ட்லியோ பழைய கொள்கையை விடவில்லை.

அரசியலிலும் அவர் அஞ்சாதவர். பிரெஞ்சுப் புரட்சியை வெளிப்படையாக ஆதரித்தார். 1791 ஜூலை 14 அன்று பர்மிங்காமில் கலகக் கூட்டம் திரண்டது. அவர் குடும்பத்துடன் தப்பினார். வீடும் நூல்களும் ஆய்வுக்கூடமும் அழிந்தன. பல்லாண்டுக் குறிப்புகளும் அவற்றோடு போயின. 1794 ஏப்ரலில் அவர் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். அடுத்த மாதம், அதே புரட்சியின் பெயரால், பாரிஸில் லவாய்சியரின் தலை துண்டிக்கப்பட்டது.

பென்சில்வேனியாவின் நார்தம்பர்லாண்டு என்னும் சிற்றூரில் பிரீஸ்ட்லி புதிய ஆய்வுக்கூடம் அமைத்தார். அங்கு ஒரு மகனையும் மனைவியையும் அடுத்தடுத்து இழந்தார். ஆய்வை நிறுத்தவில்லை. வேதியியலார் ஏறக்குறைய அனைவரும் லவாய்சியர் பக்கம் சென்றுவிட்ட பிறகும், 1800 இல் பிளாஜிஸ்டனுக்காக மேலும் ஒரு நூல் வெளியிட்டார். 1804 பிப்ரவரி 6 அன்று மறையும்வரை, ஆக்சிஜன் என்னும் பெயருக்குப் பின்னிருந்த கொள்கையை அவர் ஏற்கவேயில்லை.