ஜான் கெமெனி: எட்டாம் வகுப்பு மாணவர் கைக்கும் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்த கணித வாத்தியார்

90களிலோ 2000களின் தொடக்கத்திலோ ஆறு, ஏழு, எட்டாம் வகுப்பு படித்தவரா நீங்க? ஸ்கூல் கம்ப்யூட்டர் லேப் வாசலில் ஷூவைக் கழற்றி வைத்துவிட்டு, ஒரு கம்ப்யூட்டருக்கு மூணு பேராக உட்கார்ந்தது ஞாபகம் இருக்கலாம். 10-ஆம் வரியில் 'பிரிண்ட்' போட்டு உங்கள் பெயர். 20-ஆம் வரியில் 'கோ டூ 10'. 'ரன்' கொடுத்ததும் திரை முழுக்க உங்கள் பெயர் ஓடிக்கிட்டே இருக்கும்.

அந்த மொழியின் பெயர் பேசிக். அதை உருவாக்கிய இருவரில் ஒருவர் ஜான் கெமெனி. கம்ப்யூட்டரைத் தொடவே விஞ்ஞானிகளுக்கு மட்டும் அனுமதி என்றிருந்த காலத்தில் அந்தக் கதவைத் திறந்துவிட்டவர்.

யார் இவர்?

1926 மே 31-ல் ஹங்கேரியின் புடாபெஸ்ட் நகரில் யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஹிட்லரின் கை ஓங்கியதைப் பார்த்த அப்பா முதலில் அமெரிக்கா போனார். 1940-ல் குடும்பமும் போய்ச் சேர்ந்தது. வர மறுத்து ஊரிலேயே தங்கிவிட்ட தாத்தா, நாஜிக்களின் இனப்படுகொலையில் உயிரிழந்தார்.

நியூயார்க் பள்ளியில் சேர்ந்தபோது கெமெனிக்கு ஆங்கிலம் சரியாகத் தெரியாது. ஆனாலும் மூன்றே ஆண்டுகளில் வகுப்பில் முதல் மாணவராக வெளியே வந்தார்.

அணுகுண்டு ஆய்வகத்தில் கற்ற பாடம்

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தவரை ராணுவம் லாஸ் அலமோஸ் ஆய்வகத்துக்கு அனுப்பியது. அங்கே அவருக்குக் கணக்குப் போடுகிற வேலை. ஐபிஎம் பஞ்ச் கார்டு இயந்திரங்களை ராப்பகலாக ஷிஃப்ட் போட்டு ஓட்டினாலும், ஒரே ஒரு சமன்பாட்டுக்கு விடை வர இரண்டு மூன்று வாரம் ஆகும். நல்ல கணிப்பொறி எத்தனை மனித உழைப்பை மிச்சப்படுத்தும் என்பது அவருக்கு அங்கேதான் உறைத்தது.

போர் முடிந்தபின் ஐன்ஸ்டீனுக்கு கணித உதவியாளராக இருந்தார். 1949-ல், 23 வயதில் முனைவர் பட்டம். 1953-ல் டார்ட்மவுத் கல்லூரியில் கணிதப் பேராசிரியர்.

வரலாறு படிக்கிறவருக்கு எதுக்கு கம்ப்யூட்டர்?

டார்ட்மவுத் மாணவர்களில் பெரும்பாலானோர் அறிவியல் படிக்காதவர்கள். நாளைக்கு நிறுவனங்களையும் அரசையும் நடத்தப்போவது இவர்கள்தான், இவர்களுக்கு கம்ப்யூட்டர் தெரியாமல் இருந்தால் எப்படி என்பதுதான் கெமெனியின் கேள்வி. சக பேராசிரியர் தாமஸ் கர்ட்ஸும் அதே கட்சி.

ஆனால் இரண்டு தடைகள் இருந்தன. ஒன்று, காத்திருப்பு. கார்டில் துளை போட்டுக் கொடுத்துவிட்டு விடைக்கு மணிக்கணக்கில், சில சமயம் நாள்கணக்கில் உட்கார்ந்திருக்கணும். இரண்டு, மொழி. அன்றைய புரோகிராமிங் மொழிகள் புதியவர்களை மிரட்டின.

முதல் தடைக்குத் தீர்வு, டைம் ஷேரிங். கல்யாணப் பந்தியில் ஒரே ஆள் சாம்பார் வாளியோடு ஒவ்வொரு இலையாகப் போய் பரிமாறுவார், இல்லையா? அதுபோல ஒரே கம்ப்யூட்டர் பலருக்கும் மாறி மாறி நொடி நொடியாக நேரம் ஒதுக்கும். ஆனால் வேகம் அதிகம் என்பதால், தனக்கு மட்டுமே வேலை செய்வதாக ஒவ்வொருவருக்கும் தோன்றும்.

இரண்டாவது தடைக்குத் தீர்வு, பேசிக். சுமார் 15 கட்டளைகள்தான். பெரும்பாலும் சாதாரண ஆங்கிலச் சொற்கள். 1964 மே 1, அதிகாலை 4 மணிக்கு, ஒரே கம்ப்யூட்டரில் இரண்டு பேசிக் புரோகிராம்கள் ஒரே சமயத்தில் ஓடின. டைம் ஷேரிங் மென்பொருளை எழுதியவர்களில் பலர் இளநிலை மாணவர்கள்.

மாணவர்களிடம் இதற்குக் கட்டணம் வாங்கவில்லை. லைப்ரரிக்குள் போய் புத்தகம் எடுப்பது மாதிரி, யார் வேண்டுமானாலும் வந்து பயன்படுத்தலாம்.

பள்ளிக்கு வந்தது எப்படி?

60களின் இறுதிக்குள், தொலைபேசி இணைப்பு வழியாகச் சுற்றுவட்டாரப் பள்ளிகளும் டார்ட்மவுத் கம்ப்யூட்டரைப் பயன்படுத்தத் தொடங்கின. டார்ட்மவுத் அமைப்பை அடிப்படையாக வைத்து ஜெனரல் எலக்ட்ரிக் நிறுவனமும் வணிகச் சேவையைத் தொடங்கியது. 1968-ல் சியாட்டிலில் ஒரு பள்ளி அந்தச் சேவையை வாங்கியது. அங்கே எட்டாம் வகுப்பு படித்த 13 வயதுப் பையன் முதன்முதலாக எழுதிய புரோகிராம் பேசிக்கில்தான். அந்தப் பையன் பில் கேட்ஸ். 1975-ல் மைக்ரோசாஃப்ட் விற்ற முதல் தயாரிப்பும் பேசிக்தான்.

இந்தியாவில் 1984-85-ல் மத்திய அரசு 'கிளாஸ்' திட்டத்தைத் தொடங்கி, சுமார் 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர்களைக் கொடுத்தது. அதிலும் இருந்தது பேசிக்.

எதிர்ப்பு வரவில்லையா?

வந்தது. பேசிக்கில் தொடங்கும் மாணவர்கள் தப்பான பழக்கங்களைக் கற்றுக்கொள்கிறார்கள் என்று நெதர்லாந்து கணினி அறிஞர் டைக்ஸ்ட்ரா கடுமையாகச் சாடினார். கண்ட இடத்துக்கும் தாவ விடும் 'கோ டூ' கட்டளை மீதுதான் முக்கியப் புகார். சின்ன கம்ப்யூட்டர்களில் வந்த அரைகுறை பேசிக் கெமெனிக்கே பிடிக்கவில்லை. 80களில் கர்ட்ஸோடு சேர்ந்து, 'கோ டூ' இல்லாமலே ஒழுங்காக எழுதக்கூடிய 'ட்ரூ பேசிக்' மொழியைக் கொண்டுவந்தார்.

1970 முதல் 1981 வரை டார்ட்மவுத் தலைவராக இருந்தார். அப்போதும் வகுப்பு எடுப்பதை விடவில்லை. 1972-ல் அங்கே பட்டப்படிப்பில் பெண்களைச் சேர்த்தது அவர் காலத்தில்தான். 1979-ல் த்ரீ மைல் ஐலண்ட் அணு உலை விபத்தை விசாரித்த குழுவுக்கும் அவரே தலைவர். 1992 டிசம்பர் 26-ல், 66 வயதில் காலமானார்.

இன்றைக்கு ஏன் முக்கியம்?

இப்போது பள்ளிகளில் பேசிக் போய் ஸ்க்ராட்ச், பைத்தான் வந்துவிட்டன. கோடிங்கை ஏஐ எழுதிக் கொடுக்கும்போது பிள்ளைகளுக்கு எதுக்கு இது என்ற கேள்வியும் கேட்கிறது. கெமெனி எல்லோரையும் புரோகிராமர் ஆக்க நினைத்தவர் இல்லை. இயந்திரத்துக்கு என்ன சொன்னோம், அது ஏன் இப்படிச் செய்தது என்று புரிந்தவர்களே நாளை முடிவெடுக்க வேண்டும் என்று நினைத்தவர். திரையில் தன் பெயர் நிற்காமல் ஓடுவதைப் பார்த்து, இதை நிறுத்துவது எப்படி என்று யோசிக்கிற ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு அந்தப் புரிதல் அங்கேயே தொடங்கிவிடுகிறது.