ஆல்பிரட் ஆங்கஸ் ஸ்காட்

புலவர், புரவலர், பக்தர் ஆகியோர் சரிதங்களே இப்பத்திரிகையின் தமிழ்ப் பகுதியைப் பெரும்பாலும் அணிசெய்து வருவன. அவற்றினிடையே ஓர் இயந்திரக் கம்மியர் வரலாற்றை எழுதப் புகுந்தமை பற்றி நண்பர் சிலர் நகைத்தலுங் கூடும். இலக்கணம் பயிலும் நமக்கு எண்ணெயும் புகையும் எற்றுக்கு என வினவுவார்க்கு, நாம் வணங்கும் பெருமானும் தச்சுத் தொழில் செய்தவரே என்பதை மட்டும் நினைப்பூட்டி மேற்செல்வோம்.

ஸ்காட் 1875ஆம் ஆண்டில் இங்கிலாந்து தேசத்து யார்க்ஷயரிலே, பிராட்போர்டு நகரைச் சார்ந்த மானிங்ஹாமில் பிறந்தார். பிராட்போர்டு அந்நாளில் கம்பளி ஆலைகளுக்குப் பேர்போன ஊர். இளமையிலேயே இயந்திரத் தொழிலிற் புகுந்து, கப்பல்களுக்குரிய நீராவி இயந்திரங்களோடு பழகினார். கற்ற தொழிலைக் கற்றவாறே செய்து ஊதியம் பெற்று அமைதியுறும் இயல்பு அவருக்கு வாய்க்கவில்லை. எப்பொருளைக் கண்டாலும் இது இவ்வாறுதான் இருத்தல் வேண்டுமோ என்று ஐயுறும் மனம் அவரது மனம். சைக்கிள் சக்கரத்தின் விளிம்பை இருபுறமும் பற்றி நிறுத்தும் தடைக்கருவி ஒன்றிற்கு 1897ஆம் ஆண்டிலேயே தனியுரிமை பெற்றார். அப்பொழுது அவர்க்கு வயது இருபத்திரண்டிற்கு மேற்படாது.

பெட்ரோல் வண்டிகள் அக்காலத்தில் குழந்தைப் பருவத்தில் இருந்தன. அவற்றை இயக்கியவை பெரும்பாலும் நான்கு வீச்சு இயந்திரங்கள். சிலிண்டருக்குள் பிஸ்டன் ஒருமுறை கீழிறங்கி ஆவியை உள்ளிழுக்கும்; மேலேறி அதனை நெருக்கும்; தீப்பற்றியதும் அவ்வேகத்தாற் கீழே தள்ளப்படும்; மீண்டும் மேலேறிப் புகையை வெளியேற்றும். இந்நான்கு செயல்களில் வேலை தருவது ஒன்றே. ஏனைய மூன்றும் அவ்வொன்றிற்கு ஏவல் செய்வன. அச்சு இருமுறை சுழன்றால் ஒருமுறைதான் வெடிப்பு நிகழும். வாயில்களைத் திறக்கவும் மூடவும் வால்வுகளும், அவற்றை அசைக்கும் உறுப்புக்களும் வேறு வேண்டும்.

இதனை இரண்டு வீச்சில் முடித்தல் இயலும் என்று முதலிற் கண்டவர் ஸ்காட் அல்லர். அப்புகழை அவர்க்கு ஏற்றுவது பிறர் பொருளைக் கவர்ந்து தருமஞ் செய்வதாகும். கிளாஸ்கோ நகரத்து டுகால்டு கிளார்க் என்பார் இவ்வழியை முன்னரே காட்டியிருந்தார். பின்னர் பாத் நகரத்து ஜோசப் டே என்பார், கிராங்க் சுழலும் அடிப்பெட்டியையே காற்றடிக்கும் கருவியாக ஆக்கி, வால்வுகளை நீக்க வகைசெய்தார். பிஸ்டன் மேலேறுங்கால் மேலே உள்ள ஆவியை நெருக்கும்; அதே சமயத்தில் கீழே உள்ள பெட்டிக்குள் புதிய ஆவி புகும். அது கீழிறங்குங்கால் சிலிண்டர்ச் சுவரிலுள்ள துளைகள் திறந்து, ஒன்றின் வழியாகப் புகை போகும். மற்றொன்றின் வழியாகப் பெட்டியில் நெருங்கிக் கிடந்த புதிய ஆவி மேலே பாயும். பிஸ்டன் தானே வாயிற்காவலனும் ஆகின்றது. சுழற்சிதோறும் ஒரு வெடிப்பு. நாலடியிற் சொல்லும் பொருளை ஈரடியிற் சொல்லி முடிக்கும் புலவரை நன்கறிந்த நமக்கு, இதன் நயம் விளங்காமற் போகாது.

ஸ்காட் இதனையே தமது மனத்திற் பற்றிக்கொண்டார். தமது சொந்தப் பட்டறையிலே, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தை ஒட்டி, இரண்டு சிலிண்டர்களையுடைய சிறியதொரு இருவீச்சு இயந்திரத்தைத் தம் கையாலேயே சமைத்தார். அதன் ஆற்றல் ஏறக்குறைய இரண்டு குதிரைச் சக்தியே. அதனைப் பிரிமியர் என்னும் சாதாரணச் சைக்கிளின் முன்புறத்தில், கைப்பிடிக்குக் கீழே பொருத்தினார். இயந்திரத்தின் உருளை முன்சக்கரத்து ரப்பரோடு உராய்ந்து வண்டியை ஓட்டும். மழை பெய்து சக்கரம் நனைந்துவிட்டால் உருளை வழுக்கும் என்பதை யாரும் எளிதில் ஊகிக்கலாம். அழகென்று சொல்லத்தக்கது ஒன்றும் அவ்வண்டியில் இல்லை. ஆயினும் அது ஓடிற்று. யார்க்ஷயர் மேடுகளிலே, அச்சு வார்த்து, துளையிட்டு, அராவிச் சேர்த்த மனிதனையே சுமந்து ஓடிற்று. அந்த முதல் ஓட்டத்தில் அவர் உள்ளம் எவ்வாறு இருந்திருக்கும் என்று எண்ணுந்தோறும், நாம் இதுகாறும் நம் கையாற் செய்து நிறுத்திய பொருள் யாதென்னும் கேள்வி எழுந்து நம்மை நாணச் செய்கின்றது.

1904ஆம் ஆண்டில் தமது இயந்திரத்திற்குத் தனியுரிமை பெற்றார். அதன்பின்னும் அவசரப்பட்டு விற்பனைக்கு விரையவில்லை. மற்றொருவர் செய்த சைக்கிளில் தம் இயந்திரத்தைக் கட்டித் தொங்கவிடுதல் தகாது, வண்டி முழுவதும் ஒரே மனத்தின் படைப்பாதல் வேண்டும் எனத் துணிந்து உழைத்தார். 1908ஆம் ஆண்டில் ஸ்காட் மோட்டார் சைக்கிள் வெளிவந்தது. முதலில் ஆறு வண்டிகளை அவ்வூர் ஜோவெட் சகோதரர் தம் தொழிற்சாலையில் செய்து தந்தனர். பின்னர் ஸ்காட்டின் சொந்தத் தொழிற்சாலை அருகிலுள்ள ஷிப்லியில் நிலைபெற்றது.

அவ்வண்டியைச் சற்று நின்று நோக்குவோம். சுழற்சிதோறும் வெடிப்பு நிகழ்வதால் வெப்பம் மிகும். காற்று மட்டும் அதனைத் தணிக்கப் போதாதாகலின் நீராற் குளிர்வித்தார். வெந்நீர் தானே மேலெழுந்து, குளிர்ந்தபின் தானே கீழிறங்கும் இயற்கையையே பயன்கொண்டமையால் நீரிறைக்கும் கருவி வேண்டாதாயிற்று. வேகத்தை மாற்றப் பற்சக்கரப் பெட்டி வைக்காமல், இருவேறு அளவான இரண்டு சங்கிலிகளை அமைத்து, காலால் ஒன்றை விட்டு ஒன்றைப் பற்றுமாறு செய்தார். அக்காலத்தில் மோட்டார் சைக்கிளைக் கிளப்ப விரும்புவோர் அதனைத் தள்ளிக்கொண்டு ஓடித் தாவி ஏறுதல் வழக்கம். முதியோர்க்கும் மெலிந்தோர்க்கும் அது பெருந்துன்பம். ஸ்காட்டோ நின்ற இடத்திலேயே காலால் உதைத்துக் கிளப்பும் கருவியை வைத்தார். இன்று நம் வீதிகளில் உள்ள வண்டிகள் பலவற்றில் அது பொத்தானுக்கு இடங்கொடுத்து விலகினும், ஒரு நூற்றாண்டுக் காலம் உலகமெல்லாம் உதைத்தது அவ்வுதையே. மேலும் நீண்ட பாவாடை அணிந்த பெண்மணிகளும் தடையின்றி ஏறி அமரும்படி வண்டியின் நடுப்பகுதியைத் திறந்ததாக விட்டார். அந்நாளில் இதனை எண்ணிப் பார்த்தவர் எத்தனை பேர்!

அவ்வாண்டிலேயே டாவென்ட்ரி அருகில் நடந்த மலையேற்றப் போட்டியில், ஸ்காட் தாமே தம் வண்டியை ஓட்டி, நான்கு வீச்சு வண்டிகளை எளிதில் வென்றார். தோற்றவர் சும்மா இருப்பரோ? சுழற்சிதோறும் வெடிக்கும் இயந்திரத்திற்கு ஏனையவற்றோடு சமமாக ஓடும் உரிமை இல்லையென வழக்கு எழுந்தது. போட்டிகளை நடத்திய சங்கத்தார், ஸ்காட் இயந்திரத்தின் கொள்ளளவை 1.32ஆற் பெருக்கியே கணக்கிடல் வேண்டும் என விதித்தனர். அஃதாவது 450 கன சென்டிமீட்டர் இயந்திரம் 594 கொண்டதாகக் கருதப்படும். இதில் நியாயம் சிறிதும் இல்லையென்று கூறமாட்டோம். வெடிப்பின் எண்ணிக்கை இருமடங்கென்பது மெய்யே. ஆனால் வேலை இருமடங்காவதில்லை. புதிய ஆவியில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு கலந்து போய்விடும். அக்குறையைப் பொறுத்துக்கொண்டு பெற்ற வெற்றிக்குத் தண்டமும் விதிப்பது சான்றோர் செயலாக எமக்குத் தோன்றவில்லை. ஸ்காட் இதற்காகப் புலம்பினாரல்லர். தம் வண்டி அவ்வாறு தண்டிக்கப்பட்டதென்பதையே தமது விளம்பரங்களில் எடுத்துச் சொல்லி விற்றுக்கொண்டார்!

1912ஆம் ஆண்டிற்குள் அத்தடை நீங்கியது. மான் தீவிலே நடைபெறும் டூரிஸ்ட் டிராபி என்னும் பெரும்போட்டியில், அவ்வாண்டு பிராங்க் ஆப்பிள்பீ என்பார் ஸ்காட் வண்டியில் ஏறித் தொடக்கமுதல் முடிவுவரை முதல்வராகவே சென்று சீனியர் பரிசைப் பெற்றார். இருவீச்சு வண்டி ஒன்று அப்போட்டியில் வென்றது அதுவே முதன்முறை. அடுத்த ஆண்டில் டிம் உட் என்பார் ஐந்தே விநாடி வேறுபாட்டில் மீண்டும் அப்பரிசை ஸ்காட்டிற்கு ஈட்டித் தந்தார். ஒருவர் தம் பட்டறையில் தனித்திருந்து அராவிய பொருள் பத்தாண்டுகளுக்குச் சிறிது மேற்பட்ட காலத்தில் எய்திய இடம் அது.

இனி உரைப்பது மகிழ்ச்சிக்குரியதன்று. 1914இல் மூண்ட மகாயுத்தத்தில் அவர் வண்டிகள் இயந்திரத் துப்பாக்கிகளைச் சுமந்தன. போர் முடிந்த காலத்தை ஒட்டி, தம் பெயர் தாங்கிய கம்பெனியை விட்டே அவர் வெளியேறினார். அவர் மனம் அப்பொழுது மூன்று சக்கர வண்டி ஒன்றில் ஆழ்ந்திருந்தது. சோஷியபிள் எனப் பெயரிட்ட அதில் இருவர் அருகருகே அமரலாம். முன்சக்கரம் நடுவில் இன்றி ஒரு பக்கமாக இருக்கும். வேறொரு கம்பெனி தொடங்கி 1921 முதல் அதனைச் செய்து விற்க முயன்றார். ஜனங்கள் அதனை வினோதமாகப் பார்த்தனரேயன்றி வாங்க முன்வரவில்லை. இருநூறு அளவிலேதான் அது செய்யப்பட்டது. நன்றாக ஓடும் தொழிலை விட்டு இதன்பின் ஏன் சென்றார் என்று கேட்பது எளிது. செய்து முடித்த பொருளில் அவர்க்குச் சுவை இல்லை போலும். வருவாயையே கருதியிருப்பின் அந்த முதற் சைக்கிளும் பிறந்திராது.

ஓய்வு நாட்களில் யார்க்ஷயர் மலைகளின் அடியிலுள்ள சுண்ணாம்புக் குகைகளில் இறங்கி ஆராய்தல் அவருக்குப் பெருவிருப்பம். 1923ஆம் ஆண்டில் அவ்வாறு சென்றவர், நனைந்த உடையோடே வண்டியோட்டி வீடு திரும்பினார். நுரையீரலிற் சுரங்கண்டு, அவ்வாண்டிலேயே உயிர் நீத்தார். ஐம்பது பிராயமும் நிறையவில்லை. சோஷியபிளும் சிறிது காலத்தில் நின்றுபோயிற்று. அவர் விட்டுப்போந்த ஷிப்லித் தொழிற்சாலையோ 1926இல் பிளையிங் ஸ்குவிரல் என்னும் வண்டியை வெளியிட்டுப் புகழ்பெற்றது.

1914ஆம் ஆண்டில், போருக்கு முன், தம் தொழிலாளர்க்கென்று ஸ்காட் ஒரு போட்டி வைத்திருந்தார். ஷிப்லியிலிருந்து மேட்டுநிலங்களின் கல்லும் சேறும் ஓடையும் கடந்து பர்ன்சால் என்னும் சிற்றூர் வரை, அவரவர் கையாற் செய்த வண்டியை அவரவரே ஓட்டிக் காட்டல் வேண்டும். பதினால்வர் புறப்பட்டனர், ஒன்பதின்மர் போய்ச் சேர்ந்தனர். அப்போட்டி அவர் பெயராலேயே வழங்கி, அவர் மறைந்து ஒரு நூற்றாண்டு கடந்த பின்னும் யார்க்ஷயரில் மறக்கப்படவில்லை.